கட்டின கை

இருங்காட்டுக்கோட்டை
6.10.2024

மாதா துணை

அன்பு மருமகள் கங்காவுக்கு அத்தை அந்தோணிமேரி எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உங்கள் மலையில் டவர் இல்லை. இருந்தாலும் எனக்கு போனில் பேச்சு வராது, அழுகைதான் வரும். அதனால் லெட்டர்.

என் பிள்ளை ஜெபர்சனுக்குப் பூசை வைத்த கையோடு, அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன நீ இன்னும் வரவில்லை. கம்பெனியில் அவனோடு ஒரே லைனில் நின்ற ஜாக்சன் வந்தான். லாக்கரில் இருந்த ஷூவையும் டிபன் பாக்ஸையும் கொடுத்தான். டிபன் பாக்ஸைக் கழுவியிருந்தார்கள். ஏன் கழுவினார்கள் என்று இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த பிள்ளையை லாரி அடித்த அதே ரோட்டில்தான் நான் தினமும் பஸ் ஏறுகிறேன்.

பக்கத்து வீட்டு சந்திரம்மாள் உன்னைக் கேட்டாள். மலைக்கட்டுச் சேலையைத் தோளில் முடிந்துகொண்டு நீ முதல் நாள் வந்தபோது, "இன்னாடி மேரி, உன் மருமவ தோள்ல மூட்டை கட்டிகினு வந்துகீறா" என்று சிரித்தவள்தான். இப்போது அவளே, "அந்த முடிச்சுக்காரிய வரச் சொல்லு, வூடே இருட்டா கீது" என்கிறாள்.

கல்யாணத்தில் உங்கள் வழக்கப்படி நான் கட்டின கறுப்பு மணி கழுத்தில் இருக்கிறதா? சாவு வீட்டில் அதைக் கழற்ற வந்தவர்களைத் தள்ளிவிட்டேனே, அது போல இனிமேலும் யாரையும் தொட விடாதே. உனக்குத் துணையாக, சாமியார் மந்திரித்த ஜெபமாலை அனுப்பியிருக்கிறேன். நல்ல வெள்ளை மணி. போட்டுக்கொள். சீக்கிரம் வா.

உன் அத்தை
அந்தோணிமேரி


மாம்பாறை, ஜவ்வாது மலை
17.10.2024

அத்தைக்கு கங்கா எழுதுவது. ஜெபமாலை வந்தது. அதனால் ஊரில் பெரிய பேச்சாகிவிட்டது.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கல்யாணத்தில் சொல்கிற பேச்சா அது? புருஷன் போய்விட்டால், கறுப்பு மணி கட்டின மாமியார்தான் வந்து இறக்க வேண்டும். வேறு கை படக்கூடாது. இறக்கிவிட்டு வெறும் கழுத்தைத் தொட்டு அனுப்பினால் அவள் தாய் வீட்டுப் பெண். வெள்ளை மணி கட்டினால் சாகும்வரை மாமியார் வீட்டுக்கே. அப்புறம் அவளை யாரும் பெண் கேட்க மாட்டார்கள்.

நீங்கள் வெள்ளை மணி அனுப்பியிருக்கிறீர்கள். பார்சலைப் பிரித்ததும் ஊர்ப் பெரியவர் மண்ணாங்கட்டி மாமா, "கறுப்பே இறங்கல, அதுக்குள்ள வெள்ளை வந்துட்டுதே" என்று எழுந்து போய்விட்டார். அது கூரையில் தொங்குகிறது. அம்மா கூடத் தொட மாட்டேன் என்கிறது.

மணி இறங்காதவள் சாமைக் காட்டில் கால் வைக்கக் கூடாது. சாவுக்குக் கட்டின சேலையை மாற்றக் கூடாது. அந்த ஒரே சேலையைத் துவைத்துப் போட்டு, காயும்வரை கம்பளியைச் சுற்றிக்கொண்டு உள்ளே கிடக்கிறேன். சாமை அறுப்புக்கு முன்னால் மணி இறக்க வாருங்கள் அத்தை.

கங்கா


இருங்காட்டுக்கோட்டை
25.10.2024

கங்காவுக்கு,

உன் லெட்டரை இரண்டு தரம் படித்தேன். வர மாட்டேன்.

அந்த மணியை நான் இறக்கினால் என் பிள்ளைக்குப் பெண்டாட்டி இல்லை என்று என் கையாலேயே ஆகிவிடும். அவன் மண் இன்னும் காயவில்லை. அதற்குள் யார் உன்னைப் பெண் கேட்டு நிற்கிறான்? இருந்தால் பேரை எழுது.

வெள்ளை மணியின் அர்த்தம் தெரியாமல்தான் அனுப்பினேன். தெரிந்திருந்தாலும் அனுப்பியிருப்பேன். நீ இந்த வீட்டுக்கே என்றால் அதில் என்ன குற்றம்? உன் பாய் விரித்தபடி இருக்கிறது. சேலை வேண்டுமென்றால் இங்கே வந்து பீரோவைத் திற.

அந்தோணிமேரி


மாம்பாறை
4.11.2024

அத்தைக்கு,

யாரும் பெண் கேட்டு வரவில்லை. எழுதப் பேர் இல்லை.

சாமை அறுக்க எல்லாரும் போய்விட்டார்கள். நான் வாசலில் இருந்து பார்க்கிறேன். "அத்துப் போட்டுட்டு வாடி, எந்த மாமியா வந்து பாக்கப் போறா" என்று என் வயசுப் பெண்கள் கூப்பிடுகிறார்கள். அறுக்க ஒரு நிமிஷம் ஆகாது. அறுக்க மாட்டேன். அது அவர் அம்மா கட்டினது.

கல்யாணத்தன்று உங்கள் கையில் முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "யம்மா, லைன்ல பார்ட் மாட்டற மாதிரி, கிளிக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கு" என்றார். மேளக்காரர் கூடச் சிரித்துவிட்டார். அந்த முடிச்சுதான் இன்னும் என் பிடரியில் இருக்கிறது.

நான் அங்கே வர மாட்டேன் அத்தை. அந்த ரோட்டில் என்னால் பஸ் ஏற முடியாது. நீங்கள் வராவிட்டால் இந்தச் சேலையோடு இப்படியே இருப்பேன். இனி எழுத மாட்டேன்.

கங்கா


இருங்காட்டுக்கோட்டை
13.11.2024

கங்கா,

கிளிக்குனு என்றதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். என்னவோ ஏதோ என்று சந்திரம்மாள் ஓடி வந்தாள். அவளிடம் எல்லாம் சொன்னேன். "செத்தவனுக்கா பொண்டாட்டி வோணும்? ஒனக்குத்தான் வூட்ல ஆள் வோணும்" என்றாள். வெளியே போடி என்று கத்தினேன். போனாள். போன பிறகு உன் பாயைச் சுருட்டி வைத்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். கத்தரி கொண்டுவர மாட்டேன். என் மகன் சொல்லிக்கொடுத்துப் போட்ட முடிச்சு, நகத்தால் அவிழ்ப்பேன். நேரமானால் ஆகட்டும், நீ குனிந்து பொறுமையாக உட்கார்.

மாற்றுச் சேலை ஒன்று எடுத்திருக்கிறேன். அரக்கு நிறம். தோளில் முடிய நீளம் போதுமா என்று என் தோளிலேயே முடிந்து பார்த்தேன், போதும்.

வெள்ளை மணியை யாரும் தொட வேண்டாம் என்று மண்ணாங்கட்டி அண்ணனிடம் சொல். உன் கழுத்தைத் தொட்டு உன் அம்மாவிடம் விட்ட பிறகு, அதை நானே எடுத்து என் கழுத்தில் போட்டுக்கொண்டு மலை இறங்கிவிடுவேன். இந்த வீட்டுக்கே என்று ஒருத்தி இருக்க வேண்டுமென்றால் அது நான்தான்.

சாமை கொஞ்சமாவது அறுக்காமல் மிச்சம் வைக்கச் சொல். நீ காட்டில் கால் வைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

ஜெபர்சன் அம்மா
அந்தோணிமேரி