பனிக்காலச் சிலைக்கு வேர்த்தது

இன்று காலை வீட்டுக்குச் சாயம் அடிக்க வந்தவர்கள் சாயம் கரைக்கும் தின்னர் டின்னைத் திறந்தார்கள். அந்த வாடை கூடத்தில் பரவியதும், நீங்கள் வீட்டுக்குப் பின்னால் தூரிகை கழுவிக்கொண்டிருப்பதாகவே ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

நம் கல்யாணத்துக்குப் பின் முப்பது வருடம், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினீர்கள். ஓய்வுபெற்றதும் பிரிக்பீல்ட்ஸில் ஓவிய வகுப்பில் சேர்ந்தபோது, கிள்ளானில் நம் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், நானும்தான். பிறகு கேரி தீவில் பழைய துரை பங்களாவின் தோட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பலில் வரவழைத்த நான்கு சிலைகள் அங்கே நிற்கின்றன. அவர் ஊரின் நான்கு பருவங்கள். பூக்கூடையோடு வசந்தம், கதிர்க்கட்டோடு கோடை, திராட்சையோடு இலையுதிர்காலம். மூன்றையும் மளமளவென்று வரைந்துவிட்டீர்கள். போர்வைக்குள் குறுகி நிற்கும் கிழவியான பனிக்காலம் மட்டும் வசப்படவில்லை. வீட்டில் வரைவதும் அழிப்பதுமாக வாரங்கள் போயின.

"பனின்னா என்னன்னே தெரியாம எப்படி வரையறது? நீ கொஞ்சம் உக்காரேன்."

"எனக்கு அடுப்புல வேலை கெடக்கு."

"அப்புறம் பாத்துக்கலாம் லா."

மதிய வெயிலில் கம்பளியைப் போர்த்தி உட்காரவைத்தீர்கள். வேர்த்து வழிந்தது. நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். விடியுமுன் லோரியோடு போய் இருட்டியபின் திரும்பிய மனிதர், இவ்வளவு நேரம் என்னைப் பார்த்ததே இல்லை.

"உன் புருவத்துல தழும்பு இருக்கே, எப்ப பட்டது?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்கு."

தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, கிட்ட வந்து அதை உற்றுப் பார்த்தீர்கள். அப்புறம் அந்தத் தழும்பையும் வரைந்தீர்கள், வேர்வையையும் விடவில்லை.

வகுப்பின் கண்காட்சியில், ஏற்பாட்டைக் கவனித்த பெண்மணி அந்தப் படத்தை மட்டும் ஓரமாக வைத்தார். "அங்கிள், இது சிலை மாதிரியே இல்லையே. பனிக்காலத்துல வேர்க்குமா? மூணு போதும்."

யாரிடமும் மறுத்துப் பேசாத நீங்கள், "மாட்டினா நாலையும் மாட்டுங்க. இல்லன்னா எல்லாத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோறேன்" என்றீர்கள். கூச்சத்தில் எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவர் கொஞ்சம் யோசித்து நான்கையும் மாட்டினார். அன்று முழுக்க, யார் வந்து நின்றாலும், "இது என் வீட்டுக்காரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அன்று நீங்கள் உட்காரவைத்ததுபோல் ஜன்னலோரம் அரைமணி நேரம் சும்மா உட்காருகிறேன். முன்பெல்லாம் சும்மா இருந்தால் ஏதோ தப்புச் செய்வதுபோல் உறுத்தும். மகள் போன் பண்ணி, "என்னம்மா செய்யிறீங்க?" என்று கேட்டால், "ஒண்ணும் செய்யல, உக்காந்திருக்கேன்" என்கிறேன். அப்படிச் சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது.