வீட்டில் இருப்பவர்கள்: இரண்டு

செல்லக்குட்டி,

இந்த அகால வேளையில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள், கையெழுத்தும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா? இருமல் என்றாயே, விட்டதா? வெந்நீர் குடி என்றால் சிரிப்பாய், சிரித்துக்கொண்டே குடி.

அரசாங்க வேலைத் திட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தேன் இல்லையா, வீட்டில் சம்பாதிக்கிறவர் யாரும் இல்லாதவர்களுக்கு ஆறு மாதம் சம்பளம் கொடுத்து வேலை பழக்கி, பிறகு அதே இடத்தில் அமர்த்துகிற திட்டம். எனக்குக் கிடைத்தது குடிநீர்ப் பரிசோதனைக் கூடம். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதி வாங்கிய வேதியியல் பட்டம் இப்போதுதான் வெளிச்சத்தைப் பார்க்கிறது. முதல் நாள் கண்ணாடிக் குழாயில் ஒரு அளவு எடுக்க மூன்று தடவை ஆயிற்று, நாலாம் நாள் ஒரே தடவையில் வந்துவிட்டது. கூடப் பயிற்சிக்கு வருகிற பெண், முன்பு தையல் கடையில் இருந்தவள், "அக்கா, நீங்க சொட்டுச் சொட்டா விடறதப் பாத்தா கைக்குழந்தைக்கு மருந்து ஊத்தற மாதிரியே இருக்கு" என்று கிண்டல் செய்கிறாள். கூடத்துத் தலைவர் வாய் திறந்து பாராட்டுகிறவர் இல்லை, ஆனால் நேற்று நான் எடுத்த அளவை மறுபடி சோதிக்காமலே கையெழுத்துப் போட்டார். வீடு வந்து சேரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்குள் ஒரு சிக்கல். விண்ணப்பத்தில் வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற இடத்தில் இரண்டு என்று எழுதிவிட்டேன். யோசித்து எழுதவில்லை, கை தானாக எழுதிவிட்டது. இன்று சாயங்காலம் வீட்டைப் பார்க்க வந்த திட்ட அதிகாரியம்மா உன் அறைக் கதவருகே நின்று, "ரெண்டாவது ஆள் எங்கம்மா?" என்றார். வெளியூரில் வேலை பார்க்கிறாள், போய் ரெண்டு வருஷம் ஆகிறது என்றேன். "அப்போ எதுக்கும்மா கட்டிலுக்குப் புது விரிப்பு?" என்று கேட்டுவிட்டு அவரே சங்கடப்பட்டார். நல்ல மனுஷி. ஆனால் சம்பாதிக்கிற பெண் வீட்டில் இருப்பதாகக் காகிதத்தில் இருந்தால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடுமாம். நீ இங்கே வசிக்கவில்லை என்று உன் கையெழுத்தோடு இருபதாம் தேதிக்குள் கடிதம் வேண்டுமாம்.

நீ எழுதச் சிரமப்படுவாய் என்று நானே எழுதி வைத்துவிடலாம் என உட்கார்ந்தேன். ஒரே வரி, "நான் இந்த வீட்டில் வசிப்பதில்லை". மூன்று தாள் வீணாயிற்று, அதனால்தான் இவ்வளவு நேரம். நாலாவது தாள் இத்துடன் இருக்கிறது, அடியில் கையெழுத்து மட்டும் போடு. மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே, ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் விரிப்பை மாற்றத்தான் போகிறேன், அதைக் கேட்க எந்த விண்ணப்பத்திலும் இடமில்லை.

நீ நோய்நொடியில்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்கவேண்டும். கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே.

அன்புடன்,
அம்மா

அலுவலகத்துக்கு அந்தத் தாள் போதும். எனக்குத் தனியாக எழுது, சீக்கிரம் எழுது.