அத்தை பையனுக்கு ஒன்றரை நாள்

இன்று காலை உன் கைப்பேசி அடித்தது. நீ போய் எட்டு மாதம் ஆகியும் அதற்கு ரீசார்ஜ் செய்துகொண்டுதான் இருக்கிறேன், கிண்டல் செய்யாதே. பேசியது நமக்கு வீடு தேடிய புரோக்கர். "சார், திருவான்மியூர்ல ஒரு வீடு கீது. ஓனரம்மா வெளிநாட்ல கீறாங்க. கூட யாரு, இன்னா ஒறவுன்னு ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் வந்து பாருங்க."

அப்படி ஒரு வீட்டுக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தோம். மேற்கு மாம்பலத்தில் "பேச்சிலரா?" என்று கேட்டுக்கொண்டே கதவைப் பாதி மூடினார்கள். நந்தனத்தில் சாவி கைக்கு வரும் நேரத்தில், இரண்டு ஆண்களுக்கு ஒரே படுக்கையறை எப்படிப் போதும் என்று ஒருவர் யோசிக்க ஆரம்பித்தார். நீ ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரிப்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் கிடைத்தது மயிலாப்பூரில் ஒரு மாமி வீட்டு மாடி. அண்ணன் தம்பி என்று சொல்லிவிடலாம் என்றேன். நீ கேட்கவில்லை. "அத்தை பையன்னு சொல்லு. கட்டிக்கிற முறையாவது இருக்கட்டும்" என்றாய். அந்தக் குறும்பு எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஐந்து வருடம் பால்கனியில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு உட்கார்ந்தோம், கீழேயிருந்து மாமி நிமிர்ந்து பார்த்தால் தெரியும் என்று.

நீ போன அன்று உன் அண்ணன் வந்து உன்னை ஊருக்குக் கொண்டுபோனார். வண்டியில் எனக்கு இடம் இல்லை. மாமி மாடியேறி வந்து, நிஜமான பரிவோடுதான், சொன்னாள்: "அத்தை பிள்ளைக்கு ஒண்ணரை நாள்தான்டா தீட்டு. நாளைக்குத் தலைக்கு ஜலம் விட்டுண்டு, நாளன்னைக்கு ஆபீசுக்குப் போ. ஆத்துல அழுதுண்டு உக்காந்திருக்காதே." போனேன். தம்பி என்று சொல்லியிருந்தால் பத்து நாளாவது அழ விட்டிருப்பாள். அன்று உன்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

இப்போது மாமி எனக்குப் பெண் பார்க்கிறாள். உண்மையைச் சொன்னால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நீ புழங்கிய இடம் என்று எனக்கு மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். அதனால் ஜாதகம் ஊரில் இருக்கிறது, வந்ததும் தருகிறேன் என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

புரோக்கரிடம் நீ இல்லை என்பதைச் சொன்னேன். மெதுவாகக் கேட்டார்: "அவரு உங்களுக்கு இன்னா வேணும் சார்?"

"அத்தை பையன்." பழகிப்போன வாய், யோசிக்கவே இல்லை.

"அப்டியா? நான் வேற மாதிரி நெனச்சுக்கினு இருந்தேன் சார். அதான் இத்தினி வருசமா இந்த மாதிரி ஓனராப் பாத்துக்கினே இருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க."

நீங்கள் நினைத்ததுதான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. கீழே மாமி பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "பரவால்ல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

இந்த ஊரில் நம்மைச் சரியாகப் புரிந்துவைத்திருந்த ஒரே மனிதரிடமும் உன்னை மறுத்துவிட்டேன். அதைச் சொல்லி அழ உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை.