அணைத்துவிடாதே

அண்ணா,

தையல் கடைக்குப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

அலமாரியில் இருக்கும், நம் கணினிப் பதிவுகளைச் சேமிக்கும் பெட்டியை அணைத்துவிடாதே. அம்மா போன பிறகு அவள் குரல் அதில் மட்டும்தான் இருக்கிறது. அதிலுள்ள இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றேதான் பதியும், ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். பெட்டி பீப் பீப் என்று கத்தி எச்சரித்தபோது, "அதுக்கு வேற வேலை இல்ல, விடுடி" என்று சத்தத்தை நிறுத்தியதும் நீதான். இன்று திறந்து பார்த்தேன். ஒரு டிஸ்க் இருந்த இடம் காலி. அது உன் கணினியில், உன் விளையாட்டுகளோடு இருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

புது டிஸ்க் போட்டிருக்கிறேன். மிஞ்சிய ஒன்றிலிருந்து நகல் ஏறுகிறது. விளக்கு பச்சையாகும்வரை தொடாதே.

இன்னொன்று. அந்தப் பதிவில் அம்மா கூப்பிடுவது என்னை இல்லை. "டேய், சாப்பாடு ஆறுது, வாடா" என்று உன்னைத்தான்.