புங்கமரத்தடி மண்

1968 டிசம்பர் 8, ஞாயிறு

பத்து மணி வரை பனி. எதிரே இருக்கும் வைக்கோல் போர்கூடத் தெரியவில்லை. பழைய பூகோள நோட்டில் மீதிப் பக்கங்கள் இருக்கின்றன, அதில் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றாயிற்று. இனி யாரும் இதைத் திருத்தப் போவதில்லை.

பூசை முடிந்து வரும் வழியில் அப்பா சொன்னார், இந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடில் வைக்கலாம் என்று. போன வருஷம் வைக்கவில்லை. போன டிசம்பரில்தான் தம்பி பிறந்து ஒரு மணி நேரத்தில் போய்விட்டான். அதன் பிறகு அம்மா படுத்தவள்தான். அதனால்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். எழுந்து நின்று படிக்கச் சொல்லும் டீச்சரிடமிருந்து தப்பித்தேன் என்றும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அது பாவமா தெரியவில்லை.

அம்மாவுக்கு இப்போது மறுபடி ஏழு மாதம். வாசல் தாண்டுவதில்லை. பேச்சும் இல்லை.

வேண்டியவை:
பாசி (பாறையிலிருந்து பாய்போல உரித்தது)
கேழ்வரகுத் தாள், கூரைக்கு
கொட்டாங்கச்சி எட்டு, முளைப்பயிர் விட
குன்றிமணி, மாட்டின் கண்ணுக்கு
மூங்கில் சிம்பு, நட்சத்திரத்துக்கு
மண்

டிசம்பர் 9, திங்கள்

மூவரும் ஏரிக்கரைக்குப் போனோம். அப்பா, நான், ரீத்தா. ரீத்தாவுக்கு ஏழு வயது, வாய் ஓயாது. புங்கங்காய் ஓடுகளைப் பொறுக்கிப் படகு விட்டாள். பாறையில் பாசி தடிமனாக வந்திருந்தது. கத்தியால் ஓரம் கீறிவிட்டு, கை நுழைத்து மெதுவாக உரித்தால் கிழியாது.

திரும்பும்போது ரீத்தா நின்றுவிட்டாள். "அக்கா, அங்க பாப்பா அழுவுது."

கரையின் கோடியில் ஒற்றைப் புங்கமரம், அந்தப் பக்கம் கை காட்டினாள். பனிதான் தெரிந்தது. ஆள்காட்டிக் குருவி என்றார் அப்பா. நடையை எட்டிப் போட்டார்.

டிசம்பர் 11, புதன்

மொச்சை உரித்தேன். கை முழுக்க வாசனை.

அப்பா மாடு செய்தார், வீட்டுக் கொல்லைச் செம்மண்ணில். மாட்டுப் பண்ணையில் வேலை, அதனால் கொம்பு ஒரு நூல் பிசகினாலும் அழித்துவிடுகிறார். ரீத்தா செய்த ஆட்டைப் பார்த்து, "இதுக்கு என்னா நோவு? வைத்தியருக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்று கேட்டார். அவள் அதைப் பன்றி என்று மாற்றிவிட்டாள். பெத்லகேமில் பன்றி உண்டா என்று சண்டை.

அம்மா சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

எங்கள் வீட்டு வழக்கம்: குடிலில் வைக்கும் குழந்தையை அம்மாதான் செய்வாள். வருஷா வருஷம் புது மண். சுடுவது கிடையாது. திருநாள் வரை தொட்டில் காலியாக இருக்கும். மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் ஏரியில் கரைத்துவிடுவோம். இன்று மண்ணைப் பிசைந்து அவள் பக்கத்தில் வைத்தேன். கையால் தள்ளினாள். "என் கையால வேணாம் செசிலி."

நானே முயன்றேன். செம்மண் வெடித்துக்கொண்டே போனது. முகம் இரண்டாகப் பிளந்தது.

அம்மா குழந்தையைச் செய்துவிட்டால் எங்களிடம் திரும்பி வந்துவிடுவாள். அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

டிசம்பர் 13, வெள்ளி

நல்ல மண் தேடித் தனியே போனேன். புங்கமரத்தடியில் கிடைத்தது. கறுப்பு. வெண்ணெய் மாதிரி. மேலே மூன்று சப்பைக் கல், அவற்றில் பாசி கட்டியிருந்தது. அதையும் உரித்துக்கொண்டேன்.

கூடையோடு போகும்போது பக்கத்து வீட்டுப் புட்டம்மா எதிரே வந்தாள். அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தவள். கடப்பாரையைப் பார்த்தாள், நான் போகும் திசையைப் பார்த்தாள். "அல்லி பேடம்மா" என்றாள். கன்னடத்தில், அங்கே வேண்டாம் என்று. பாம்பு இருக்கும் என்று நினைத்தேன். ஏன் என்று கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. எனக்கு யாரிடமும் எதையும் கேட்க வருவதில்லை. தலையை ஆட்டிவிட்டு, அவள் போன பிறகு அங்கேயே தோண்டினேன்.

மண்ணை அம்மா பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்புக்குப் போனேன். திரும்பி வந்தால் அவள் கையில் இருந்தது. பிசைந்துகொண்டிருந்தாள்.

டிசம்பர் 14, சனி

கொட்டாங்கச்சிகளில் மண் நிரப்பி ஏழில் கேழ்வரகு தூவினேன். எட்டாவதில் மீந்த ஏரி மண். விதை தீர்ந்துபோனது, அப்படியே விட்டேன்.

அம்மா குழந்தையை முடித்துவிட்டாள். உள்ளங்கை அளவு. வலது கையை மூடித் தாடைக்குக் கீழே வைத்திருக்கிறது. மற்ற வருஷங்களில் இரண்டு கையும் விரித்திருக்கும். ஏன் இப்படி என்று கேட்கவில்லை. அம்மா இன்று இரண்டு தோசை சாப்பிட்டாள். சந்தோஷம்.

டிசம்பர் 17, செவ்வாய்

எட்டாவது கொட்டாங்கச்சி முளைத்துவிட்டது. விதை போட்ட ஏழும் இன்னும் சும்மா. ஏரி மண்ணில் புல் விதை இருந்திருக்கும்.

மாடு, ஆடு, பன்றி எல்லாம் காய்ந்துவிட்டன. குழந்தை காயவில்லை. இன்று செய்ததுபோல ஈரம். பனிக்காலம் என்பதால் இருக்கலாம்.

டிசம்பர் 19, வியாழன்

யூகலிப்டஸ் மொட்டு மூடிகளை ஊசியில் கோத்து மாலை. ரீத்தா முப்பது கோத்தாள், விரலில் இரண்டு குத்து.

முளைப்பயிர் எப்போதும் சன்னல் பக்கம்தான் சாயும். எட்டாவது மட்டும் உள்பக்கம் சாய்கிறது, அம்மாவின் பாய் இருக்கும் மூலைக்கு. திருப்பி வைத்தேன். சாயங்காலம் மறுபடி அதே மூலைக்கு.

அம்மா குழந்தையைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்திருக்கிறாள். "காயவே மாட்டேங்குது. குளுருது போல." யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். இன்று சாப்பிடவில்லை.

டிசம்பர் 21, சனி

அப்பா இன்றுதான் துணியை விலக்கிக் குழந்தையைப் பார்த்தார். அந்த மூடிய கையைப் பார்த்தார். என்னை வைக்கோல் போருக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"மண்ணு எங்கிருந்து எடுத்தே?"

சொன்னேன். மூன்று கல்லையும் சொன்னேன். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

தம்பி அங்கேதான் இருக்கிறான். ஞானஸ்நானம் கொடுக்கும் முன்பே போய்விட்டதால் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குள் இடமில்லை. அம்மா மயக்கத்தில் இருந்தாள். தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் சொன்னால் போதும், யாரும் செய்யலாம். ஆனால் நான் பள்ளிக்கூடத்தில், பக்கத்தில் இருந்தது புட்டம்மா மட்டும். அவளுக்கு நம் வழக்கம் எப்படித் தெரியும்? அப்பா பண்ணையிலிருந்து ஓடிவந்தபோது முடிந்திருந்தது. அவரும் அவளும் போய்ப் புதைத்திருக்கிறார்கள். மூன்று கல் அப்பா வைத்தது. அம்மாவிடம் சுவருக்குள் என்று சொல்லி, ஓர் இடத்தையும் காட்டிவிட்டார். போன மாதம் ஆத்துமாக்கள் திருநாளன்று அம்மா ஆறு மாத வயிற்றோடு நடந்துபோய் அந்த இடத்தில்தான் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

தம்பியின் வலது கை மூடியே இருந்ததாம். அம்மா அவனைப் பார்க்கவே இல்லை.

"அம்மாகிட்ட வாயத் தொறக்காதே. வயித்துல இருக்கறதுக்கு ஆவாது."

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமா?

டிசம்பர் 22, ஞாயிறு

குழந்தையை ஏரியில் கரைத்துவிட்டு வேறு செய்யலாம் என்று அப்பா கேட்டார். அம்மா தரவில்லை. இரண்டு நாளாகக் கஞ்சித் தண்ணீர்தான். புட்டம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், இப்படியே இருந்தால் இதுவும் தங்காது என்று அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

ரீத்தா குடிலுக்குப் பாசி ஒட்டிக்கொண்டே சொன்னாள், பாப்பா இப்போது கிட்டத்தில் அழுகிறதாம், மாட்டுக்கொட்டகை வரைக்கும் வந்துவிட்டதாம். ஆட்டுக்குட்டி என்றேன். தம்பி பிறந்தபோது அவள் காவேரிப்பட்டினத்தில் சித்தி வீட்டில் இருந்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை.

டிசம்பர் 23, திங்கள்

நட்சத்திரம் கட்டினோம். ஒரு முனை கோணல். அப்பா அதைப் பிரிக்கக்கூட இல்லை.

எனக்கும் இன்று கேட்டது. மத்தியானம், துணி உலர்த்தும்போது. ஆள்காட்டி இல்லை. ஆட்டுக்குட்டியும் இல்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

காலையில் சொல்லிவிட்டேன். அப்பா பால் கறக்கப் போயிருந்தார். அம்மா முன்னால் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும். சுவர், கல், மண். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

அம்மா அழவில்லை. "அப்ப நான் மெழுகுவத்தி ஏத்துனது யாருக்கு?" என்றாள்.

பிறகு எழுந்தாள். சேலையை உதறிக் கட்டினாள். போன மாதத்துக்குப் பிறகு முதல்தடவையாக வாசல் இறங்கினாள். நான் ஒரு பக்கம், ரீத்தா ஒரு பக்கம். பனியில் அப்பா எதிரே வந்தார், கையில் பால் செம்பு. அம்மா அவரைப் பார்த்தாள். அவர் பின்னால் வந்தார்.

புங்கமரத்தடியில் நான் தோண்டின குழி அப்படியே இருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கல்லில் நான் பாசி உரித்த இடம் வெளுப்பாக.

அம்மா குழந்தையைத் துணியிலிருந்து எடுத்தாள். கரையில் கிடந்த ஒரு கொட்டாங்கச்சியில் ஏரித் தண்ணீரை மொண்டுவரச் சொன்னாள். மூன்று முறை தலையில் ஊற்றினாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. பெயரைச் சொன்னாள். ஒரு வருஷமாக மனத்தில் வைத்திருந்திருக்கிறாள். அந்தப் பெயரை இதில் எழுத மாட்டேன்.

பச்சை மண். கரைந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு துளிகூடக் கரையவில்லை.

குழியை அப்பா கையாலேயே மூடினார். குழந்தையை இங்கேயே விடலாம் என்றார். அம்மா தலையசைத்து மறுத்தாள். "வூட்டுக்குப் போவட்டும்."

மத்தியானம் அம்மா சோறு கேட்டுச் சாப்பிட்டாள். இரண்டு தடவை.

டிசம்பர் 25, புதன்

திருநாள். பனி இல்லை, வெயில். பூசை முடிந்து வந்து அம்மாதான் குழந்தையைத் தொட்டிலில் வைத்தாள். காய்ந்திருந்தது. கல் மாதிரி. ஒரு வெடிப்பும் இல்லை. வலது கை விரிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். குடிலுக்குள் இருட்டு, தெரியவில்லை. தொட்டுப் பார்க்க மனம் வரவில்லை.

புட்டம்மாவுக்கு அதிரசம் கொடுத்தேன். முதல்முறையாக அவளிடம் நானாக ஒரு வார்த்தை பேசினேன்.

ஏரிப் பக்கம் காது கொடுத்து நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. ரீத்தாவைக் கூப்பிட்டேன், பாப்பா இன்றைக்கு அழவில்லையா என்று கேட்க. குடில் முன்னால் குந்தியிருந்தவள் திரும்பி, வாயில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாதக்கா. இப்பதான் தூங்குச்சு."