தாங்கள் அனுப்பிய படங்களைப் பற்றி

புதுப்பாளையம்,
கடலூர்.
22 ஏப்ரல் 2012, ஞாயிற்றுக்கிழமை

பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை திரு. செம்பியன் அவர்களுக்கு,

இங்கு நான், தங்கள் அத்தை சௌந்தரம், என் மகள் சிந்துஜா, குழந்தை ஆகிய நால்வரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். தாங்களும் அவ்வாறே இருப்பதாகத் தங்கள் தாய்மாமன் ராபர்ட் நேரில் வந்து சொன்னார். கைப்பேசியை எடுத்துப் பேசத் தங்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை என்பதால் கடிதமாக எழுதுகிறேன். கடிதத்தைத் தாங்கள் விரும்பும்போது பிரிக்கலாம்.

மார்ச் மாதம் தாங்கள் கூரியரில் அனுப்பிய ஐந்து டிவிடிக்களும் கிடைத்தன. "மாமா, எல்லாம் சயின்ஸ் பிக்‌ஷன். டைம் கெடைக்கும்போது பாருங்க. ஒங்க ஒப்பீனியன் வேணும்" என்று உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தீர்கள். குழந்தையின் காதுப் பரிசோதனை அறிக்கையைச் சிந்துஜா ஜனவரியில் தங்களுக்கு அனுப்பினாள். அதன்பின் தங்களிடமிருந்து இவ்வீட்டுக்கு வந்த முதல் எழுத்து அந்தச் சீட்டுதான். ஆகையால் அதன் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தோம். வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.

கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுத வேண்டும் என்று மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். தாங்கள் கேட்டது கருத்து. ஆகவே கருத்தை எழுதுகிறேன்.

தாமதத்துக்கு முதலில் காரணம் சொல்லிவிடுகிறேன். புயலுக்குப் பிறகு இம்மாவட்டத்தில் மின்சாரம் விருந்தாளியைப் போல வந்து போகிறது. இன்வெர்ட்டரைக் குழந்தை உறங்கும் அறையின் மின்விசிறிக்கு ஒதுக்கியிருக்கிறோம். மின்வாரியம் விட்ட இடைவெளிகளில்தான் படம் பார்க்க முடிந்தது. போதாததற்கு விடைத்தாள் கட்டுகள். முன்பெல்லாம் ஒரு கட்டைத் திருத்தி முடித்த பிறகும் எழுந்து கடற்கரை வரை நடப்பேன். இப்போது பாதிக் கட்டிலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.

முதல் படம் சனியின் துணைக்கோள் ஒன்றில் சுரங்கம் தோண்டுவோருக்குள் நடக்கும் போரைப் பற்றியது. கப்பல்களின் வடிவமைப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் காற்றே இல்லாத வெளியில் ஒரு கப்பல் வெடிக்கிறது, அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது. ஊடகம் இல்லாமல் ஒலி பரவாது என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம். இவ்வளவு பெரிய படத்தை எடுத்தவர்கள் அருகில் உள்ள பள்ளியில் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். குழந்தை என் மடியில் இருந்தாள். வெடிகள் தொடங்கியதும் இறங்கித் தவழ்ந்து போய் ஸ்பீக்கர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அதன் மேல் உள்ளங்கையை வைத்து, ஒவ்வொரு வெடிக்கும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அப்படத்தின் பிழையான இயற்பியலால் பயனடைந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சென்ற தீபாவளிக்கு மறுநாள் சிதம்பரம் கோயிலில் மாலைப் பூசைக்கு நின்றோம். குழந்தை தங்கள் தோளில் இருந்தாள். பெரிய மணியை அடிக்கத் தொடங்கியதும் கூட்டத்தில் இருந்த கைக்குழந்தைகள் அத்தனையும் வீறிட்டன. நம் குழந்தை மட்டும் உறங்கிக்கொண்டிருந்தாள். தங்கள் தாயார் இருசம்மாள் அம்மையார் பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம், "பாருங்க, ஊரு புள்ளைங்க எல்லாம் அலறுது, எம் பேத்தி கண்ணு தொறக்கல. ராசாத்தி! எங்க மாமியாரு மாதிரி நெஞ்சழுத்தக்காரி" என்று சொல்லிப் பூரித்தார். தாங்களும் சிரித்தீர்கள். நாங்கள் எல்லோருமே சிரித்தோம்.

டிசம்பர் முப்பதாம் தேதி காலை புயல் கரையைக் கடந்தபோது எங்கள் வாசல் வேப்பமரம் முறிந்து சன்னல் மேல் விழுந்தது. சௌந்தரம் போட்ட கூச்சலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. குழந்தை விழித்துத்தான் இருந்தாள். தொட்டிலில் படுத்தபடி தன் கால் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோவதில் முனைந்திருந்தாள். சிந்துஜா தொட்டிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மின்சாரம் இல்லாமல் கிடந்த அந்த நாட்களில் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு குழந்தையின் முதுகுப் பக்கமாகப் போய்த் தட்டிக்கொண்டே இருந்தாள். சௌந்தரம் பிடுங்கி வைத்தால் வேறொரு தட்டை எடுத்துக்கொண்டாள். சாலைகள் சீரானதும் குழந்தையைப் புதுச்சேரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். காது மருத்துவர் சொன்னது தங்களிடம் உள்ள அறிக்கையில் இருக்கிறது.

கோயிலில் கொண்டாடப்பட்ட ராசாத்தி பொங்கலுக்குள் வேறு குழந்தையாகிவிட்டாள். தகப்பன் மடியில் வைத்து மூன்று முறை காதில் பெயர் சொல்வது தங்கள் வீட்டு வழக்கம். எங்கள் வீட்டு வழக்கமும் அதுவே. தை மாதம் நடப்பதாக இருந்த அந்தச் சடங்கைத் தங்கள் தாயார் நிறுத்தினார். கீரப்பாளையத்திலிருந்து தொலைபேசியில் அவர் சௌந்தரத்திடம் கேட்டது இது: "கேக்காத காதுல என்னா பேரச் சொல்லச் சொல்ற?" நான் இதில் ஒரு சொல்லையும் கூட்டவில்லை. குழந்தைக்கு இது பத்தாவது மாதம். இன்று வரை பாப்பா என்றுதான் அழைக்கிறோம்.

இரண்டாவது படத்தில் ஒருவன் காலத்தில் பின்னோக்கிப் பயணம் செய்து, தன் குடும்பத்துக்கு நேர்ந்த கேட்டின் தொடக்கத்தைத் தேடுகிறான். தகப்பன் காலம், பாட்டன் காலம் என்று போய்க்கொண்டே இருக்கிறான். எந்தக் காலத்தில் இறங்கினாலும் அங்கே யாரோ ஒருவர்மேல் பழி சுமத்திவிட்டு மறுபடி இயந்திரத்தில் ஏறிவிடுகிறான். எனக்கு அலுப்பூட்டிய படம். இயந்திரம் இல்லாமலே அந்தப் பயணத்தைச் செய்பவர்களை நேரில் கண்டுவிட்டதும் காரணமாக இருக்கலாம். "ஒங்க வழியில யாருக்காச்சும் இந்த மாதிரி உண்டா?" என்று தங்கள் தாயார் கேட்டபோது சௌந்தரம், "எங்க வழியில எல்லாருக்கும் காது நல்லா கேக்கும் சம்மந்தி. அதனாலதான் நீங்க பேசுறத எல்லாம் கேட்டுக்கிட்டு நிக்கிறோம்" என்றாள். பிறகு சமையலறையில் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தாள். மருத்துவர் சொன்னதைத் தங்களுக்காக மீண்டும் எழுதுகிறேன். இரு பக்கத்திலிருந்தும் வந்திருக்கலாம். காரணமே இல்லாமலும் நேரலாம்.

மூன்றாவது படம் கடலுக்கடியில் ஒரு நகரம். நாலு தடவை உட்கார்ந்தும் அந்த நகரத்துக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. கருத்து இல்லை.

நான்காவதாக அனுப்பியது தொலைக்காட்சித் தொடர். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஒற்றைக் கண் இயந்திரம் ஒன்று தொழிலாளர்களோடு பழகிப் பழகி மனமுடையதாக ஆகிவிடுகிறது. கடைசியில் அது பழையதாகிவிட்டது என்று உருக்குவதற்கு அனுப்புகிறார்கள். தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வரிசையாக நின்று வழியனுப்புகிறார்கள். எழுத்து நன்றாக இருந்தது. நடிப்பும் நன்று. அந்த டிவிடியின் உறைமேல் தாங்கள், "லாஸ்ட் எபிசோட்ல அழுதுட்டேன் மாமா" என்று எழுதியிருந்தீர்கள். அதைச் சிந்துஜாதான் முதலில் படித்தாள். உறையை என் மேசைமேல் எழுத்து தெரியாதபடி கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். இத்தொடரைப் பற்றி நான் சொல்ல வேண்டியது வேறில்லை.

தாங்கள் பெண் பார்க்க வந்த அன்று மற்றவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்க, தாங்கள் என்னருகில் வந்து, இத்தனை நட்சத்திரங்கள் இருந்தும் இரவு வானம் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டீர்கள். சிதம்பரத்தில் நான் எம்.எஸ்சி. படித்தபோது என்னை நாள்கணக்கில் அலைக்கழித்த கேள்வி அது. உள்ளே போய் சௌந்தரத்திடம், "இந்தப் பையன்தான்" என்று சொன்னேன். அவள், "வேலை என்னான்னு கேட்டீங்களா மொதல்ல?" என்றாள். நான் கேட்கவில்லை. அதன்பின் நாம் இருவரும் பேசியதெல்லாம் விண்மீன்களும் விஞ்ஞானப் படங்களும்தான். பிடிக்காத படத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். இந்த ஆண்டு எனக்கு அப்பேச்சு இல்லாமல் போயிற்று.

சென்ற ஞாயிறு ராபர்ட் ஆராதனை முடிந்த கையோடு மங்கலம்பேட்டையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தார். வெயில் கடுமை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "நான் சொல்றதா நெனைக்காதீங்க சம்மந்தி. அக்கா சொல்லி அனுப்புச்சி. புள்ள ஒங்ககிட்டயே வளரட்டுமாம். சிந்துஜாவ மட்டும் பெங்களூருக்கு அனுப்பிவிடுவீங்களாம். வயசு இருக்குது, அடுத்தது நல்லபடியா பொறக்கும்னுது" என்றார். தங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது. தரையைப் பார்த்தபடி, "வேணாம்னு சொல்லல" என்றார்.

சிந்துஜா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மோர் கொண்டுவந்தாள். "குடிங்க மாமா, வெயில்ல வந்திருக்கீங்க. அவருகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. நான் வந்தா ரெண்டு பேரா வருவேன். இல்லன்னா ரெண்டு பேருமே வரல" என்றாள். குரல் உயரவில்லை. ராபர்ட் மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். குழந்தை எட்டி அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் அதைத் திருப்பி வாங்காமலே போய்விட்டார்.

வேண்டாம் என்று தாங்கள் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். தங்களை ஓரளவு அறிவேன். பேசாமல் இருந்திருப்பீர்கள், பிறகு ஒரு படம் பார்த்திருப்பீர்கள். நான் கோபத்தில் எழுதுவதாகத் தாங்கள் எண்ணக்கூடும். கோபத்தில் எழுதியதைச் செவ்வாய்க்கிழமையே கிழித்தாயிற்று. இது நிதானமாகப் படி எடுத்தது. இதுவரை எழுதியதைச் சௌந்தரம் வாங்கிப் படித்துவிட்டு, "என்னாங்க இது, கலெக்டருக்கு மனு எழுதுற மாதிரி எழுதியிருக்கீங்க? நம்ம மாப்பிள்ளைதான?" என்றாள்.

ஐந்தாவது படத்தை இந்த வாரம்தான் பார்த்தேன். சிந்துஜாவும் உட்கார்ந்தாள். காதும் வாயும் இல்லாத ஓர் உயிர் பனிப்பாலையில் வந்து இறங்குகிறது. ஒருவன் மூன்று ஆண்டுகள் அதனோடு தங்கி, தொட்டும் தடவியும் விரலால் கோடு இழுத்தும் அதன் மொழியைக் கற்றுக்கொள்கிறான். அதன் உறைமேல், "மனுஷனோட பொறுமைன்னா இதுதான் மாமா" என்ற தங்கள் குறிப்பு. படம் பாதியில் மின்சாரம் போயிற்று. இருட்டில் சிந்துஜா, "இவரு எதுக்குப்பா மூணு வருஷம் எடுத்துக்கிட்டாரு? நாங்க ரெண்டு பேரும் மூணு மாசத்துல பேசிக்கிட்டோமே" என்று சொல்லிச் சிரித்தாள். ஜனவரிக்குப் பின் இவ்வீட்டில் அவள் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். தங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு என்றே எனக்குப் பட்டது.

அவள் சொன்னது உண்மை. வாரம் இருமுறை புதுச்சேரிக்குப் பயிற்சிக்குப் போய் வருகிறாள். குழந்தையை முகத்துக்கு நேராக வைத்து, அவள் உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டையில் பதித்துக்கொண்டு பேசுகிறாள். அதிர்வு கைக்குத் தெரிகிறது. இப்போதெல்லாம் யார் தூக்கினாலும் குழந்தை முதலில் தொண்டையைத் தேடிக் கையை வைக்கிறாள். பேசாமல் இருந்தால் தட்டுகிறாள். காதில் மாட்டிய கருவியை மட்டும் பிடுங்கிப் பிடுங்கி எறிகிறாள்.

மே மாதம் இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைக்கிறோம். பெயர் பொன்னி. தேர்ந்தெடுத்தவள் சிந்துஜா. ஜூலையில் சென்னையில் காதுக்குள் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதன்பின் பயிற்சி கொடுத்தால் மெல்ல மெல்லக் கேட்கும் என்கிறார்கள். அது வரை பொறுத்துப் பெயர் வைக்கலாமே என்று தங்கள் தரப்பில் கேட்கக்கூடும். காது கேட்டால்தான் பெயர் என்பதை நான் ஏற்கவில்லை. தகப்பன் வந்தால் தகப்பன் சொல்லலாம். வராவிட்டால் தாய் சொல்வாள். சடங்கு எக்காரணத்தாலும் இனி நிற்காது.

கடலூருக்குத் தினமும் இரவுப் பேருந்து இருக்கிறது. வாசல் கதவைத் தாழ் போடாமல் வைத்திருப்பதாக எழுதச் சொல்கிறாள் சௌந்தரம். எழுதிவிட்டேன்.

தாங்கள் நலமாகவும் நெடுநாளும் வாழ வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. தாங்கள் நலமாக இருப்பது இங்கு ஒருத்திக்குத் தேவைப்படும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
ப. மணவாளன்

பி.கு.: தாங்கள் கழுத்து வரை தாடி வளர்த்திருப்பதாக ராபர்ட் சொன்னார். மழித்துவிட்டு வரவும். குத்தினால் அவள் கையை எடுத்துக்கொண்டுவிடுவாள்.