திரைக்குப் பின்னால் ருக்கு

மாசி 3, திங்கள்

காலையில் பனி. துவைத்த துணி மத்தியானம் வரை காயவில்லை.

வந்தவர்கள்: அனாதை இல்லத்துப் பெண்கள் நால்வர் (ருக்கு, மங்கை, இரட்டையர் பொன்னி, பூவாயி). துணைக்கு வந்த ஆயா தாயாரம்மாள், வந்ததும் தூக்கம். நான். எங்கள் சிவப்புப் பசு. வேறு ஒருவரும் இல்லை.

இடம், எங்கள் சேக்காட்டு வீட்டுப் பின்கட்டு. வீட்டுக்காரர் ரயிலில் ராத்திரி வேலை முடித்து உள்ளே உறக்கம். மெதுவாகப் பேச வேண்டும் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

இல்லத்தில் பதினெட்டு முடிந்தால் வெளியே போக வேண்டும். ருக்குவுக்கு இந்த மாசக் கடைசி. பட்டணத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கேட்கத் தை மாதம் போனாள். அங்கே நர்ஸுகளுக்குத் தலைவியான மேட்ரனம்மாள் கேட்ட முதல் கேள்வியே, யார் வீட்டுப் பெண் என்று. இவள் வாய் திறக்கவில்லை. அப்படியே திரும்பிவிட்டாள். அந்த வேலை இல்லையென்றால் பூந்தமல்லி அரிசி மில்காரர் வீட்டு வேலை. போன வருஷம் அங்கே போன பெண்ணைக் கோயிலில்கூட யாரும் பார்த்ததில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை.

பாரிவாக்கம் கூத்து ஞாபகம் வந்தது. ராஜா திரைக்குப் பின்னால் நிற்பார். கோமாளி கேட்பான்: யார் நீ, எந்த ஊர், யார் பிள்ளை? பதில் சொன்ன பிறகுதான் திரை விலகும். ராஜாவையே கேட்கிறார்கள்! அதையே ஆடிப் பழகினால் ருக்குவுக்கும் பதில் வராதா?

என் பழைய சுங்குடிப் புடவையை இரட்டையர் திரையாகப் பிடித்தார்கள். மங்கை கோமாளி, கரியால் மீசை. புடவைக்குக் கீழே ருக்குவின் கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"யாரும்மா உள்ள? பேயா, பொம்பளயா? எந்த ஊடு?"

விரல்கள் பின்னால் நகர்ந்தன.

"யக்கா, உள்ள ஆளு கீதா, ஓடிப்பூட்ச்சா?" எல்லோரும் சிரித்தோம். அவளும். இவர் எழுந்து வந்து, "இன்னா இது, ஊடா கூத்துக் கொட்டாயா?" என்றார். திட்டவில்லை.

செலவு: வேர்க்கடலை, வெல்லம் 2 அணா. கரி இனாம்.

மாசி 5, புதன்

வெயில். விளக்கேற்றும்போதெல்லாம் இதே நினைப்பு. பதிகம் பாதியில் நின்றுபோனது. தாயே, மன்னித்துக்கொள்.

ருக்கு சொல்ல நானே வசனம் எழுதினேன். "அம்பிகை பெற்ற மகள் நான், அண்டமெல்லாம் என் வீடு." எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது. ருக்குவுக்கு வாசித்துக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"ராஜாத்திக்குச் சரிக்கா. மேட்ரன்கிட்ட போயி அம்பிகை பெத்த பொண்ணுன்னா சிரிப்பாங்க."

"அப்போ நீ என்னதான் சொல்லுவே?"

"தெர்லக்கா. ஆனா பொய் சொல்ல மாட்டேன்."

மங்கை: "எங்கம்மா ராஜாத்தின்னு நான் எத்தினி பேர்கிட்ட சொல்லிக்கீறேன்! கேக்கறவன் தம்பிடி குடுத்தானா?"

வசனத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். தப்பு என்னுடையது. இல்லாத வம்சத்தை நான் ஏன் கட்ட வேண்டும்? அவளே சொல்லட்டும்.

பசுவுக்குப் பிண்ணாக்கு வாங்க மறந்தேன்.

மாசி 10, திங்கள், விடியற்காலை

மண்ணெண்ணெய் தீர்ந்து நேற்று எழுத முடியவில்லை. தூக்கமும் இல்லை. எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

நேற்று மத்தியானம் இல்லத்து முற்றத்தில் கூத்து. நான் கடிதம் எழுதிக் கூப்பிட்டதற்காக மேட்ரனம்மாளே ஜட்கா வண்டியில் வந்துவிட்டார். மில்காரர் மனைவியும் வந்திருந்தார், வேலைக்கு ஆள் பார்க்க. இவர் ரயில் விசிலை ஊதி ஆரம்பித்து வைத்தார். (விளையாட்டுப் பிள்ளை மாதிரி!)

திரைக்குக் கீழே அதே கால் விரல்கள். மங்கை கேட்க வாயெடுத்தாள். அதற்குள் மில்காரர் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார்: "கூத்து கெடக்கட்டும்டி. நெஜமா நீ யார் ஊட்டுப் பொண்ணு?"

மங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

விரல்கள் முன்னால் வந்தன. புடவையை ருக்குவே ஒதுக்கினாள்.

"பேரு ருக்கு. எந்த ஊட்டுப் பொண்ணும் இல்லம்மா. கைக்கொழந்தையா வாசல்ல போட்டுட்டுப் பூட்டாங்க. யாருன்னு தெரியாது. இங்க ஏழு பசங்களுக்கு அம்ம போட்டப்ப வேப்பலய வெச்சிகினு நான்தான் பக்கத்துல குந்திகினு இருந்தேன். ஏழும் பொழச்சிக்கிச்சி. தோ, பொன்னி ஒருத்தி."

மூச்சு வாங்கினாள். பிறகு கோமாளி மாதிரியே இடுப்பில் கை வைத்து:

"நான் சொல்லிட்டேன். நீங்க யாரும்மா? எந்த ஊரு? இன்னாத்துக்கு வந்துகீறீங்க?"

ஒரே சிரிப்பு. தாயாரம்மாள் தூக்கம் கலைந்து அவளும் சிரித்தாள். "அடி எம்மா, வாயப் பாரு!" என்றார் மில்காரர் மனைவி. மேட்ரனம்மாள் சிரிக்கவில்லை. பொன்னியைக் கூப்பிட்டு முகத்துத் தழும்பைத் தடவிப் பார்த்தார்.

புறப்படும்போது என்னிடம், "பெரிய டாக்டரைக் கேட்கணும். பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால்? நான் கேட்கத் தயங்கினேன். வண்டி கிளம்பிவிட்டது.

ருக்கு ஓடினாள். பாதி அரிதாரத்தோடு, செருப்பில்லாமல், தெருவே பார்க்க. ஜட்காவின் பின் கட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியபடி சொன்னது எனக்கு வாசல் வரை கேட்டது:

"மேட்ரனம்மா, மாசக் கடைசி வரிக்கும்தான் நான் இங்க இருப்பேன். உண்டு, இல்ல, எதுவானாலும் சீக்கிரம் பதில் சொல்லிடுங்க."